காலடிக் கதகதப்பு

விக்டோரியா மகாராணியின் காலத்தில் இங்கிலாந்தில் வரிசை வரிசையாக எழுந்த செங்கல் வீடுகளின் முன்னறையில் நாம் காலூன்றி நிற்பது, பெரும்பாலும் பூமியின்மேல் அன்று. சுவருக்குச் சுவர் கிடத்திய மரச் சட்டங்களின்மேல் அறைந்த பலகைகளின்மேல். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு. அதனூடே காற்று ஓடி மரத்தை ஈரமின்றிக் காக்கவேண்டும் என்பதற்காகவே, அக்காலத்துக் கொத்தர்கள் புறச்சுவரின் அடியில் துளையிட்ட செங்கற்களைப் பதித்து வைத்தார்கள். மரத்தை இற்றுப்போகாமல் காப்பாற்றும் அந்தக் காற்றே, பனிக்காலத்தில் பலகை இடுக்குகளின் வழியே மேலேறிக் குடியிருப்போரின் கணுக்காலைக் கவ்வுகிறது. இத்தகைய வீட்டுக்காரர் ஒருவர், தம் கையாலேயே தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதித்து அறையைச் சூடேற்ற விரும்பினால், அதை எவ்வாறு திட்டமிடவேண்டும்?

தரையைச் சூடாக்கும் எண்ணம் மிகப் பழையது. ரோமாபுரியார் குட்டையான செங்கல் தூண்களின்மேல் தரையை நிறுத்தி, அதனடியில் அடுப்பின் சூடான புகையை உலவவிட்டார்கள். இங்கிலாந்திலேயே பாத் நகரத்து ஸ்நான மண்டபங்களில் அத்தூண்களை இன்றும் காணலாம். கொரிய நாட்டாரோ அடுப்புப் புகையைத் தட்டைக் கற்களுக்கு அடியில் செலுத்தி, மேலே மண் பூசி, எண்ணெய்க் காகிதம் ஒட்டி, அந்தத் தரைமேலேயே உண்டு உறங்கினார்கள். அதற்கு 'ஓண்டோல்' என்று பெயர். டோக்கியோவில் கொரிய முறையில் அமைந்த ஓர் அறையில் அந்தச் சுகத்தை அனுபவித்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், பிற்பாடு மாடிசன் நகரில் ஜேகப்ஸ் குடும்பத்துக்காக 1937-இல் நிறைவேறிய வீட்டின் தரைக்கடியில் குழாய்களைப் பதித்தார். உலோகக் குழாய்கள் நாளடைவில் அரித்து ஒழுகும் அபாயம் அப்போது இருந்தது. இன்று கிடைக்கும் குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன் குழாய் துருப்பிடிப்பதில்லை, கையால் வளைக்கலாம், ஒரு சுற்று முழுவதையும் தரைக்கடியில் ஓர் இணைப்புமின்றி ஒரே துண்டாக ஓட்டலாம். தொழில் பழகாத வீட்டுக்காரரும் இவ்வேலையில் துணிந்து இறங்க முடிவது இந்தக் குழாயின் தயவினாலேதான்.

ஆனால் குழாய் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்காரவேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். அறை எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று அறியாமல், எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்க இயலாது. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள முன்னறை ஒன்றை எடுத்துக்கொள்வோம்; அதன் குறுகிய பக்கம் ஒன்றே வீதியைப் பார்க்கிறது, மற்றவை சூடான அறைகளை ஒட்டியவை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 3 டிகிரி, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 23. ஒன்பதங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 2 வாட் வெப்பத்தை வெளியே விடும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் சுமார் 5 வாட். ஜன்னல் 3 சதுர மீட்டரானால், சுவர் வழியே 360 வாட்டும் ஜன்னல் வழியே 345 வாட்டும் போகின்றன. இடுக்குகளின் வழியே மணிக்கு ஒன்றரை முறை அறைக் காற்று முழுவதும் மாறுகிறது என்று வைத்தால், அக்காற்று கொண்டுபோவது 615 வாட்! ஆக 1,320 வாட்டில் ஏறத்தாழப் பாதியைத் திருடுவது சுவருமன்று, ஜன்னலுமன்று, வெறும் இடுக்குகளே.

இந்தக் கணக்கின் பயன் உடனே விளங்கிவிடும். தரையின் மேற்பரப்பு அறையைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் மேலே வரும். தரையோ இஷ்டம்போல் சூடாகலாகாது: மனிதர் நடமாடும் இடத்தில் 29 டிகிரி என்பது ஐரோப்பியப் பிரமாணம், மரப்பலகையானால் 27-க்குள் நிறுத்துவதே நலம், இல்லாவிடில் பலகை சுருங்கி வெடிக்கும். நம் அறையில் கணப்பும் அலமாரியும் அடைத்தது போக 17 சதுர மீட்டர் மிஞ்சினால், 1,320 வாட்டைத் தருவதற்குத் தரை 27 டிகிரியாக, வரம்பின் விளிம்பிலேயே நிற்கவேண்டியிருக்கும். இடுக்குகளை அடைத்துக் காற்றுப் புகுவதைப் பாதியாக்கினால் தேவை 1,010 வாட்டாக இறங்கி, தரை இருபத்தைந்தரை டிகிரியிலேயே போதுமானதாகிவிடும். ஆகையால் முதல் வேலை குழாயன்று, இடுக்கடைப்பு. எனினும் புறச்சுவரின் துளைச் செங்கற்களை மட்டும் ஒருபோதும் அடைக்கலாகாது. அடைத்தவர் தம் வீட்டுச் சட்டங்களைப் பூஞ்சைக்குத் தாமே ஒப்படைத்தவராவார்.

அமைப்பு முறையில் இரண்டு மார்க்கங்கள் உண்டு. பலகைகளைப் பெயர்த்து, மண்ணைத் தோண்டி, கான்கிரீட்டும் வெப்பத்தடைப் பலகையும் இட்டு, அதன்மேல் குழாய் பரப்பி 65 முதல் 75 மில்லிமீட்டர் கனத்துக்குச் சிமெண்டுக் காரை ஊற்றுவது ஒன்று. இதில் 35, 40 டிகிரி வெந்நீரே போதும். ஆயின் காரை 21 நாள் ஆறும்வரை சூடேற்றக்கூடாது, தரையும் மெல்லச் சூடாகி மெல்லவே ஆறும். பக்கத்து அறையில் மரத்தரை எஞ்சியிருந்தால், அதற்குக் காற்றுச் செல்லக் கான்கிரீட்டினடியில் குழல்களும் பதிக்கவேண்டும்.

மற்றது, சட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றினிடையே வெப்பத்தடையைச் செருகி, அதன்மேல் அலுமினியத் தகடுகளின் பள்ளங்களில் குழாயை அழுத்தி, மீண்டும் பலகையால் மூடுவது. பழைய வீட்டின் சுபாவத்துக்கு இதுவே ஒத்தது என்பது என் அபிப்பிராயம். சட்டங்களின் இடைவெளி சாதாரணமாக 400 மில்லிமீட்டர் இருக்குமாதலால், ஒவ்வோர் இடைவெளியிலும் குழாய் இருமுறை ஓடும். சதுர மீட்டருக்கு 5 மீட்டர் வீதம் நம் அறைக்கு 85 மீட்டர். மரம் வெப்பத்தைத் தடுப்பதால் வெந்நீர் 45 டிகிரிக்கு மேலும் தேவைப்படலாம். சட்டத்தைக் குழாய் கடக்குமிடத்தில் வெட்டும் பள்ளம், சட்டத்தின் உயரத்தில் எட்டிலொரு பங்குக்கு மேற்படக்கூடாது. சட்டத்தின் நடுப்பகுதியைத் தொடவே கூடாது.

ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டினால் நீர் வழியிலேயே ஆறிவிடும். அதனால் பெரிய வீட்டில் சுற்றுகள் பலவாகி, எல்லாம் ஒரு பித்தளைப் பகிர்வுக் குழாயில் வந்து கூடுகின்றன. ரேடியேட்டர்களுக்காகக் கொதிகலன் அனுப்பும் 60, 70 டிகிரி நீரை, திரும்பி வரும் ஆறிய நீரோடு கலந்து மிதப்படுத்தும் வால்வு அங்கேதான் இருக்கும். எரிவாயுக் கொதிகலனில் கைவைப்பது இங்கிலாந்து நாட்டுச் சட்டப்படி பதிவுபெற்ற தொழிலாளிக்கே உரியது. அவ்வேலையை அவரிடம் விட்டுவிடவேண்டும்.

பலகைகளை அறையுமுன் குழாயில் நீரேற்றி, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பொறுமையோடு சோதிக்கவேண்டும். பிறகு அளவு நாடாவை விரித்து வைத்து, ஒவ்வோர் இடைவெளியையும் புகைப்படம் எடுத்து, குழாய் ஓடும் தடத்தைச் சுவரிலிருந்து அளந்து வரைபடத்தில் குறித்துவைக்கவேண்டும். அந்த வரைபடத்தை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தால், இருபது ஆண்டுகளுக்குப் பின் அவ்வறையில் ஆணி அறையப் போகிறவருக்கு அது வழிகாட்டும்.