கடல் கடந்து வரவேண்டிய வண்டி

காத்திருத்தல் இல்லாதவனுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது என்று நாம் பொதுவாக எண்ணுகின்றோம். கூட்டுறவுக் கடை வாசலிலும் வைத்தியசாலைத் தாழ்வாரத்திலும் நிற்போரைக் கண்டு பழகிய கண்களுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும், கையில் பணம் இருந்தும், அதை எண்ணிக் கொடுத்த பின்னரும், பொருள் கைக்கு வராது மாதங்களை எண்ணிக்கொண்டிருப்போர் கூட்டம் ஒன்றும் உலகில் உண்டு. புதிய மோட்டார் வண்டிக்கு, அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு வண்டிக்கு, முற்பணம் கட்டிவிட்டு முகவரின் கடையை நோக்கிக் கண் பூத்திருப்போரே அவர்கள்.

இது கொழும்புச் சீமான்களின் கவலையன்றோ, எமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் எமது கரையோர ஊர்களிலும் இப்பொழுது இப்பேச்சுக் கேட்கின்றது. கட்டார், சவூதி முதலிய நாடுகளில் உழைத்துத் திரும்பும் இளைஞர்கள் அங்குள்ள தெருக்களில் கண்ட வண்டிகளை மறப்பதில்லை. புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடுவதால், கல்முனை மக்களுக்குத் தரைவழிப் பயணம் என்றாலே வாகனந்தான். ஆகவே வண்டி மீதுள்ள ஆசையை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது.

புகழ்பெற்ற ஒரு காத்திருப்பு

ஸ்போர்ட்ஸ் கார் ஏன் நினைத்தவுடன் வருவதில்லை என்பதற்கு நல்ல சான்று ஒன்று 1948ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மண்டபத்தில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில், வில்லியம் லையன்ஸ் என்பாரின் ஜாகுவார் நிறுவனம் எக்ஸ்கே 120 என்னும் வண்டியைக் காட்சிக்கு வைத்தது. மணிக்கு 120 மைல், அதாவது ஏறத்தாழ 193 கிலோமீற்றர் ஓடவல்லது என்பதே அப்பெயரின் பொருள். உண்மையில், புதிதாகச் செய்த எஞ்சினை உலகுக்குக் காட்டுவதே நிறுவனத்தாரின் முதல் நோக்கம். ஆகையால் ஏறக்குறைய இருநூறு வண்டிகள் செய்தாற் போதும் என்று கருதியிருந்தனர். அவற்றின் உடலை மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திக் கையாலேயே செய்வதென்பது ஏற்பாடு.

கண்காட்சி முடிவதற்குள் அந்தக் கணக்குத் தலைகீழாயிற்று. கேட்டு வந்தோரின் தொகைக்குக் கைவேலை ஈடுகொடுக்கவில்லை. அலுமினிய உடலுடன் 240 வண்டிகள் அளவில் செய்து முடித்த பின்னர், அச்சுக்களை ஆக்கி, உருக்குத் தகட்டை அழுத்தி உடலைச் செய்யும் முறைக்கு 1950இல் மாறினர். பிரித்தானியரே அவ்வண்டியைத் தம் நாட்டிற் பெறுவது அரிதாயிற்று. போருக்குப் பிந்திய அந்நாளில் ஏற்றுமதி செய்வோருக்கே அரசாங்கம் உருக்கை ஒதுக்கியது. ஆகவே பெரும்பாலான வண்டிகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. ஹொலிவுட் நடிகர் கிளார்க் கேபிள் முதலில் பெற்றவர்களுள் ஒருவர். 1954இல் உற்பத்தி நிற்கும்போது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன.

இதிலிருந்து மாணவர் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அருமையான பொருளைச் செய்வோர் குறைவாகவே செய்யத் திட்டமிடுகின்றனர். வேண்டுவோர் மிகுந்தபோது தொழிற்சாலையை ஒரே நாளிற் பெருக்க முடிவதில்லை. இடைப்பட்ட காலமே காத்திருப்பு. இன்றும் அதுவே நிலை. 2021இல் கணினிச் சில்லுகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தபோது, செய்து முடித்த வண்டிகளும் ஒரு சிறு சில்லுக்காகத் தொழிற்சாலை முற்றத்தில் நின்றன. 2022 தொடக்கத்தில் டொயோட்டா நிறுவனம் தனது புதிய லேண்ட் குறூசர் வண்டிக்கு நான்கு ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடலாம் என்று தானே அறிவித்தது.

கப்பலேறிய பின்னும் கவலை

தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டதும் கவலை தீர்ந்ததென்று எண்ணலாகாது. 2019 மார்ச்சில் கிராண்டே அமெரிக்கா என்னும் கப்பல் பிரான்சுக்கு மேற்கே தீப்பற்றி மூழ்கிற்று. அதிலிருந்த வண்டிகளுள் பிரேசில் நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த நான்கு போர்ஷே 911 ஜீடி2 ஆர்எஸ் கார்களும் அடங்கும். அவ்வகைக் காரின் உற்பத்தியோ அதற்குச் சற்று முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் காக்கும் பொருட்டு, அந்நிறுவனம் உற்பத்தியை மீண்டும் தொடங்கி அவற்றைச் செய்து கொடுக்க முன்வந்தது. 2022 பெப்ரவரியில் ஏறத்தாழ நாலாயிரம் வண்டிகளுடன் அமெரிக்கா நோக்கிச் சென்ற பெலிசிட்டி ஏஸ் என்னும் கப்பல் அசோரஸ் தீவுகளுக்கருகே தீப்பற்றி, மார்ச் முதலாந் திகதி கடலில் ஆழ்ந்தது. இரு கப்பல்களிலும் இருந்த மாலுமிகள் அனைவரும் உயிர் தப்பினர் என்பதே ஆறுதல்.

எமது நாட்டின் கதை

இலங்கையருக்கு வாகனத்துக்காகக் காத்திருத்தல் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி குறைந்தபோது மோட்டார் வண்டி இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளைத் தைத்தும் ஒட்டியும் ஓட்டியவர் எமது முன்னோர். அயல்நாடாகிய இந்தியாவிலும் 1983இல் மாருதி 800 காருக்குப் பத்தாயிரம் ரூபா முன்கூட்டிச் செலுத்தி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். கிழக்கு ஜேர்மனியில் டிரபான்ட் என்னும் சிறு வண்டிக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தனர். அதனால் ஓடித் தேய்ந்த வண்டி புதிய வண்டியினும் கூடிய விலைக்குப் போயிற்று.

அந்த விந்தையை நாமும் கண்ணாரக் கண்டோம். 2020 மார்ச்சில், பெருந்தொற்றின் தொடக்கத்தில், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை அடைந்தது. இருந்த வண்டிக்கும் எரிபொருள் இன்றி வரிசையில் நின்றோம். ஐந்தாண்டு ஓடிய காரை, வாங்கிய விலையினும் அதிகத்துக்கு விற்றோர் எமதூரிலும் உண்டு. பின்னர் 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் கார்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் திறந்த கதவின் படி உயர்ந்திருந்தது. 2020 தொடக்கத்தில் 180 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் 300 ரூபாவை அண்மித்திருந்தது. அதன்மேல் சுங்கத் தீர்வை, எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தி வரி, ஆடம்பர வரி, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்பன ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. எஞ்சின் பெருக்க வரியும் பெருகுமாதலின், ஸ்போர்ட்ஸ் காரை விரும்பியோர்க்கே அடி பலமாக விழுந்தது.

அப்போது வகுக்கப்பட்ட விதிகளுள் ஒன்று காத்திருப்போரை நேரே தொடுகின்றது. இறக்கிய வண்டியை 90 நாள்களுக்குள் பதிவுசெய்யாவிடின் இறக்குமதியாளர் மாதந்தோறும் 3 சதவீதத் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அது. வண்டிகளை இறக்கிக் கடையில் அடுக்கி வைத்தல் இதனால் வியாபாரிக்கு ஆபத்தாகிறது. ஆகவே முதலில் முற்பணம் வாங்கிக்கொண்டு, பிறகு வண்டியைத் தேடும் வழக்கம் வலுப்படுகின்றது. சுமை வியாபாரியின் தோளிலிருந்து வாங்குவோனின் தோளுக்கு மாறுகிறது.

ஹாஜியாரின் கேள்வி

சாய்ந்தமருதில் எமக்குப் பழக்கமான ஹாஜியார் ஒருவர் உளர். நெடுங்காலம் புடைவைக் கடை நடத்தி ஓய்ந்தவர். வெளிநாட்டில் உழைத்த அவருடைய மகன், ஜப்பானிலிருந்து வரவேண்டிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு முகவர் ஒருவரிடம் முற்பணம் கட்டியிருந்தார். பணத்தில் ஒரு பகுதி மகனின் சேமிப்பு. மற்றொரு பகுதி சகோதரியின் கலியாணத்துக்கென வைத்திருந்தது. எட்டு மாதங் கழிந்தும் வண்டியைப் பற்றிய தகவல் இல்லை.

“சேர், வாகனம் பிந்தினாக் காரியமில்ல. எப்ப வருமெண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். சொல்லத்தான் ஆளில்ல” என்றார் அவர்.

“ரசீதில் என்ன எழுதியிருக்கிறது, ஹாஜியார்?” என்று வினவினோம்.

எடுத்துக் காட்டினார். பணத்தொகையும் திகதியும் மட்டுமே இருந்தன. வண்டியின் ஆண்டு இல்லை; அடிச்சட்ட இலக்கம் இல்லை; வந்து சேரும் நாள் இல்லை; வராவிடின் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

அப்போது அவரே தம் மார்க்கத்துச் சட்டத்தை நினைவுகூர்ந்தார். தன் கைவசம் இல்லாத பொருளை விற்கலாகாது என்பது இஸ்லாமிய வணிக நெறியின் பொது விதி. அதற்கு விலக்காக அனுமதிக்கப்பட்டவை இரண்டு. ஒன்று ஸலம்: விலை முழுவதையும் முன்னரே கொடுத்து, பொருளின் வகை, அளவு, ஒப்படைக்கும் காலம் யாவற்றையும் ஐயமறக் குறித்துக்கொள்ளும் ஒப்பந்தம். மற்றது இஸ்திஸ்னா: இன்னும் செய்யப்படாத பொருளைச் செய்து தருமாறு கட்டளையிடுவது. மருதமுனையில் நெசவாளியிடம் இன்ன நிறத்தில், இன்ன அகலத்தில் சாரம் வேண்டும் என்று சொல்லி வைப்பதை இதற்கு உவமையாகக் கூறலாம். 1992இல் ஜித்தாவிற் கூடிய சர்வதேச பிக்ஹ் சபை இவ்வகை ஒப்பந்தம் பற்றித் தீர்மானம் நிறைவேற்றி, பொருளின் தன்மையும் காலமும் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. நெறிநூலோர் அஞ்சியது வருங்காலத்தை அன்று; தெளிவின்மையையே.

“அப்ப, தறிக்காரன் கிட்ட நாம கேக்குறதக் கார்க்காரன் கிட்டக் கேக்காம விட்டமே” என்றார் ஹாஜியார். அடுத்த கிழமையே மகனையும் அழைத்துக்கொண்டு முகவரிடம் சென்றார். நீண்ட பேச்சின் பின், வண்டியின் விவரமும், கடைசி நாளும், அந்நாள் தவறினால் முற்பணம் முழுவதும் திரும்பும் என்னும் உறுதியும் எழுத்தில் வந்தன. நாம் இதை எழுதும் வரை வண்டி வரவில்லை. ஆயினும் அவ்வீட்டில் இரவு உறக்கம் வந்திருக்கின்றது.

நாமே செய்த வண்டி

எமது நாட்டிலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உருவானதை இங்கே சொல்லாது விடுதல் பொருந்தாது. கோட்ஜென் நிறுவனத்தைச் சேர்ந்த கலாநிதி ஹர்ஷ சுபசிங்க 2013இல் தொடங்கிய வேகா நிறுவனம், மின்சாரத்தால் ஓடும் விரைவு வண்டி ஒன்றை வடிவமைத்தது. 2020 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அதை உலகுக்குக் காட்ட ஏற்பாடாயிற்று. கண்காட்சி தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, பெருந்தொற்றுக் காரணமாகச் சுவிட்சர்லாந்து பெருங்கூட்டங்களைத் தடை செய்யவே, அது கைவிடப்பட்டது. அதே நிறுவனம் பின்பு மின்சார முச்சக்கர வண்டி ஒன்றையும் உருவாக்கிற்று. வானத்து நட்சத்திரத்தின் பெயரைத் தாங்கிய முயற்சி, தெருவில் உழைப்பவனின் வண்டியையும் நினைத்தது எமக்கு மகிழ்ச்சியே. பொறியியல் கற்கும் மாணவர்கள் அவ்விரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

காத்திருப்போர் கவனத்துக்கு

வண்டிக்குப் பணங் கட்ட எண்ணும் குடும்பத்தார் சிலவற்றை மனத்திற் கொள்வது நன்று. வண்டியின் ஆண்டு, எஞ்சின் கொள்ளளவு, அடிச்சட்ட இலக்கம் ஆகியவற்றை எழுத்திற் பெறுங்கள். டொலரின் விலையோ வரியோ ஏறினால் அவ்வேற்றத்தைச் சுமப்பவர் யார் என்பதை முன்னரே தீர்த்துக்கொள்ளுங்கள். வங்கியில் நாணயக் கடிதம் திறக்கப்பட்டதற்கும், வண்டி கப்பலேறியதற்கும் சான்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வராவிடின் வீடு தள்ளாடும் பணத்தை முற்பணமாகக் கொடாதீர்கள்.

எமது கரை காத்திருப்பில் தேர்ந்த கரை. துறைமுக அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் வாயிலை மணல் மூடியதால் வணிகக் கப்பல்களுக்குப் பயன்படாது போயிற்று. அதனாலேயே, கடலை வாசலில் வைத்திருக்கும் எமக்கு, வண்டி அம்பாந்தோட்டையிலோ கொழும்பிலோ இறங்கி, மொனராகலைக் காடுகளைக் கடந்து வர வேண்டியிருக்கின்றது. 2004 சுனாமியில் வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபியாவின் உதவியுடன் அக்கரைப்பற்று நுரைச்சோலையிற் கட்டப்பட்ட 500 வீடுகள் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. அவ்வீட்டுக்குக் காத்திருந்த தாயையும் வண்டிக்குக் காத்திருக்கும் இளைஞனையும் ஒரே தராசில் நிறுத்த எமக்கு மனம் வரவில்லை. எனினும் இருவருக்கும் உரியதொன்று உண்டு. வாக்குக் கொடுத்தவர், தாமதத்தின் காரணத்தையும் முடிவையும் அவர்களுக்கு மறைக்காமற் சொல்ல வேண்டும். கடலும் காலமும் வண்டியைப் பிந்தச் செய்யலாம். உண்மையைச் சொல்வதற்குப் பிந்துவோமாயின், அதற்குக் கடல் பொறுப்பாகாது.