ஷூட்டிங் அன்னிக்கு திடீர் சிக்கலா? எதைச் சமாளிக்கலாம்... எதில் நிறுத்தியே ஆகணும்?

எரியோடு மாதிரி ஒரு ஊரில் நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கக் கிளம்பினால், சிக்கல்களும் கூடவே கிளம்பிவிடும். வசனம் பேச வாயைத் திறக்கும்போதுதான் கரூர் - திண்டுக்கல் பாதையில் ரயில் ஹாரன் அடிக்கும். அது போனதும் கோயில் மைக்செட் பாட ஆரம்பிக்கும். நடிக்க வர்றேன்னு சொன்னவர் போனையே எடுக்கமாட்டார். ‘பார்த்துக்கலாம், சமாளிச்சிடலாம்’ என்பதுதான் அப்போது எல்லோரும் சொல்லும் வார்த்தை. பெரிய இயக்குநர்களும் இப்படிச் சமாளித்தவர்கள்தான்!

ஸ்லோமோஷனில் ஓடிய ஸ்ரீதேவி

1977-ல் வெளியான ‘16 வயதினிலே’ பாரதிராஜாவுக்கு முதல் படம். ஸ்லோமோஷன் காட்சி எடுக்கத் தேவையான கேமராவுக்கு பட்ஜெட் இல்லை. அதனால், ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடவைத்துப் படமாக்கினார்.

பூவைத் தின்ற மாடுகள்

1952 அக்டோபரில் ‘பதேர் பாஞ்சாலி’ படத்தைத் தொடங்கிய சத்யஜித் ரே, வெள்ளை வெளேரெனப் பூத்திருந்த நாணல் காட்டில் பாதிக் காட்சியை எடுத்தார். அடுத்த வாரம் போனால் பூக்களே இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடி பூக்கும் பருவம் வரும்வரை காத்திருந்துதான் மீதியை எடுத்தார்.

மக்கர் செய்த சுறா

1974-ல் ‘ஜாஸ்’ படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி மக்கர் செய்தது. 55 நாள் திட்டம் 159 நாளாக நீண்டது. சுறாவைக் காட்டாமல் மிதக்கும் பீப்பாய்களையும் இசையையும் வைத்தே பயமுறுத்தினார் ஸ்பீல்பெர்க். படத்தின் பலமே அதுதான் ஆனது.

இங்கே மட்டும் வேண்டாம்!

ஆனால், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘சமாளிச்சிடலாம்’ என்ற பேச்சே கூடாது. 2020 பிப்ரவரி 19-ம் தேதி இரவு, சென்னை அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து உதவி இயக்குநர் உட்பட 3 பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் ‘சர்தார் 2’ தளத்தில் உயரத்திலிருந்து விழுந்து ஒரு ஸ்டன்ட் கலைஞரும், 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ படத்துக்கான கார் ஸ்டன்ட்டில் இன்னொருவரும் உயிரிழந்தார்கள். அனுபவசாலிகள் வேலை பார்க்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால், நண்பர்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்?

கிளம்பும் முன்...

* அவசியமான காட்சிகளை முதலில் எடுத்துவிடுங்கள். நேரம் போதாவிட்டால் எதை விடலாம் என்பதை முந்தின நாளே முடிவுசெய்யுங்கள்.

* மழை வந்தால் எடுக்க, வீட்டுக்குள் நடக்கும் ஒரு காட்சியைத் தயாராக வையுங்கள்.

* சத்தம் தொந்தரவு செய்தால் நடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு டப்பிங் பேசலாம்.

* கிணற்று மேடு, மின்கம்பி, ஓடும் பைக் இருக்கும் காட்சிகளில் பாதுகாப்பைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் வேண்டும். அவர் ‘நிறுத்து’ என்றால் இயக்குநரும் கேட்கணும்.

* தண்டவாளப் பக்கம் போகவே போகாதீர்கள். ரயில்வே இடத்தில் அனுமதியின்றி நுழைவது குற்றம்.

விட்டுப்போன காட்சியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைகூட எடுத்துக்கொள்ளலாம். காலையில் வந்த அத்தனை பேரும் சாயங்காலம் பத்திரமாக வீட்டுக்குத் திரும்பினார்களா என்பதுதான் முக்கியம்!