சாக மறந்த செல்கள்

1988-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் என்ற இளம் ஆய்வாளர், எலியின் ரத்தச் செல்களைப் பட்டினி போட்டுப் பார்த்தார். இன்டர்லூக்கின்-3 என்ற புரதம் கிடைக்காவிட்டால் அவை சீக்கிரமே மடிந்துவிடும். பிசிஎல்-2 என்ற மனித மரபணுவை முன்கூட்டியே புகுத்தியிருந்த செல்களோ மடியவில்லை. அதே சமயம் பெருகவும் இல்லை. உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தன.

பெருகாததுதான் பெரிய செய்தி. அதுவரை அறியப்பட்ட புற்றுநோய் மரபணுக்கள், பிரிந்து பெருகும்படி செல்லை முடுக்கிவிடுபவை. சாவைத் தடுத்தாலே புற்றுநோய்க்கு வழி திறந்துவிடும் என்று காட்டியது பிசிஎல்-2.

ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயை ஆராய்ந்தபோது அகப்பட்ட மரபணு இது. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 18-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு உடைந்து 14-ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே எதிர்ப்புரத மரபணுவை இயக்கும் பகுதி உள்ளது. எதிர்ப்புரதம் தயாரிப்பதே இந்தப் புற்றுநோய் தொடங்கும் பி செல்லின் வேலை என்பதால் அந்தப் பகுதி ஓய்வதில்லை. அதன் பிடியில் வந்து சேர்ந்த பிசிஎல்-2-வும் ஓயாமல் புரதத்தைக் கொட்டுகிறது.

செல் சாவது இயல்பு. கருவில் துடுப்புபோல ஒட்டியிருக்கும் கை, இடைப்பட்ட செல்கள் மடிவதால்தான் ஐந்து விரல்களாகப் பிரிகிறது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற 1 மில்லிமீட்டர் புழு வளர்கையில் உருவாகும் 1,090 உடல் செல்களில் 131 தாமாகவே மடிகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அநேகமாக அதே 131 செல்கள்தான். இதை நடத்தும் மரபணுக்களைக் கண்டறிந்த ராபர்ட் ஹார்விட்ஸ், 2002-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1992-ல் வாக்ஸ் குழுவினர் மனிதனின் பிசிஎல்-2-வை இந்தப் புழுவுக்குள் செலுத்தினர். சாக வேண்டிய செல்களில் சில பிழைத்துக்கொண்டன! எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரண்டு உயிரினங்கள். ஒன்றின் புரதம் மற்றொன்றின் சாவைத் தடுக்கிறது.

இந்தத் தடுப்பு வேலை நடப்பது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில். பேக்ஸ், பேக் என்னும் புரதங்கள் அதைத் துளைத்தால் சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே கசியும்; கேஸ்பேஸ் நொதிகள் விழித்துச் செல்லை உள்ளிருந்தே அறுத்துப்போடும். அந்தத் துளை விழாமல் தடுப்பது பிசிஎல்-2.

தடுப்பை விலக்கினால்? நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் ரத்தப் புற்றுநோயில் ஒரு பிரிவினருக்காக 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரை அதைத்தான் செய்கிறது. பிசிஎல்-2 புரதத்தின் பள்ளத்தில் அமர்ந்து அதைச் செயலிழக்க வைக்கிறது. புற்றுச்செல்கள் கூட்டமாக மடிந்து, அவற்றின் கழிவு சிறுநீரகத்தைத் திணறடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் இந்த நோய்க்கு முதல் வாரம் தினம் 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் கூட்டி, ஐந்தாம் வாரத்தில்தான் 400 மில்லிகிராமைத் தொடுகிறார்கள்.