மனையின் அளவும் மனிதரின் உரிமையும்

நியூஜெர்சி மாநிலத்தில், பிலடெல்பியாவுக்குக் கிழக்கே, பண்ணை நிலங்கள் சூழ்ந்திருந்த மவுன்ட் லாரல் என்னும் ஊரில், 1950இல் 2,817 ஆக இருந்த ஜனத்தொகை 1970இல் 11,221 ஆகப் பெருகியபோதும், அவ்வூரின் நிலப்பயன்பாட்டு விதிகள் பொதுவாகத் தனிமனையில் தனிவீட்டையே அனுமதித்தன. ஆர்-1 எனப்பட்ட குடியிருப்பு வட்டாரத்தில் ஒரு மனை குறைந்தது 9,375 சதுர அடி, அதாவது சென்னைக் கணக்கில் ஏறத்தாழ நான்கு கிரவுண்டு, இருந்தாக வேண்டும். ஆர்-3 வட்டாரத்திலோ 20,000 சதுர அடி.

படிப்பவருக்கு இவை வெறும் அளவுகளாகவே தோன்றும். ஆயினும், தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்துவந்த கறுப்பினக் குடும்பங்களுள் சில, கோழிக் கொட்டகைகளைத் திருத்தி அவற்றில் குடியிருக்க நேர்ந்ததும், அத்தகையோருக்கு 36 அடுக்குமாடி வீடுகள் கட்டும் யோசனை நிராகரிக்கப்பட்டதும் அவ்வளவுகளின் பலனே. வசதியில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று 1970இல் மேயரே தேவாலயக் கூட்டத்தில் கூறினார்.

எதெல் லாரன்ஸ் என்னும் ஆசிரியை முன்னின்ற வழக்கில், 1975இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்காக நீதிபதி பிரடெரிக் ஹால் எழுதிய தீர்ப்பு, வளர்ந்துவரும் ஊர் ஒவ்வொன்றும் தன் பிரதேசத்து எளியோரின் வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்கத்தக்கவாறு விதிகளை வகுக்கக் கடமைப்பட்டது என்று விதித்தது. ஊர்கள் காலங்கடத்தவே, 1983இல் வந்த இரண்டாம் தீர்ப்பு, எளியோரை விலக்கும் விதிகளை எதிர்த்து வென்று எளியோர்க்கும் வீடு சேர்த்துக் கட்டும் நிறுவனத்துக்கு அனுமதி பெற்றுத்தரும் வழியைத் திறந்தது. 1994இல் மறைந்த லாரன்ஸின் பெயர் தாங்கிய குடியிருப்பு, 2000இல்தான் எழுந்தது. அதனால் அக்கம்பக்கத்தில் வீட்டு மதிப்பு சரியவுமில்லை, குற்றங்கள் பெருகவுமில்லை என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர் டக்ளஸ் மாஸியும் சகாக்களும் 2013இல் நூலாக வெளியிட்டனர்.

நெருங்கி வாழ இடம் மறுக்கப்பட்டவர்கள் தொலைவுக்குத் தள்ளப்பட, விளைநிலம் மனையாகிறது, வேலைக்குப் போகும் பாதை நீள்கிறது. ஆகவே, அதே மாநிலத்து எடிசன் முதலிய ஊர்களில் வீடு வாங்கி நிலைபெற்றுவிட்ட தமிழர், அடுக்குமாடித் திட்டம் ஒன்று ஊர்த் திட்டக் குழுவின் பரிசீலனைக்கு வரும்போது, போக்குவரத்தையும் பள்ளியையும் பற்றிய நியாயமான கேள்விகளைக் கேட்பதோடு, வாடகைக்கு அலையும் புதியவரின் சார்பிலும் பேசுவார்களாயின், அதுவே அவர்கள் அவ்வூருக்குச் செய்யும் உத்தமமான தொண்டாகும்.