‘அகிரா’ எடுத்தவரின் ‘ஸ்டீம்பாய்’... பத்து வருட உழைப்பு எங்கே சறுக்கியது?

‘அகிரா’ பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே இயக்குநரின் ‘ஸ்டீம்பாய்’ பார்த்த ராத்திரி, படம் முடிவதற்குள் என் அறைத்தோழி தூங்கிவிட்டாள். நானே இரண்டு முறை நேரம் பார்த்தேன். இத்தனைக்கும் இரண்டுமே இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும் படங்கள்தான்.

ஜப்பானின் கட்சுஹிரோ ஓட்டோமோ, தான் வரைந்த காமிக்ஸையே 1988-ல் ‘அகிரா’ என்ற அனிமே படமாக எடுத்தார். மூன்றாம் உலகப் போருக்குப் பிறகு எழும்பிய ‘நியோ டோக்கியோ’வில், 2019-ல் நடக்கும் கதை. (அந்த ஊர் 2020 ஒலிம்பிக்ஸுக்குத் தயாராவதாகக் காட்டியிருப்பார். நிஜ டோக்கியோவுக்கும் அதே 2020 ஒலிம்பிக்ஸ் கிடைத்தது, தனிக்கதை!) அடுத்த முழுநீள அனிமேவுக்கு ரசிகர்கள் 2004 வரை காத்திருந்தார்கள். சுமார் பத்து வருடத் தயாரிப்பு, 240 கோடி யென் செலவு, ஏறத்தாழ 1,80,000 ஓவியங்கள். இவ்வளவையும் விழுங்கிவிட்டு வந்ததுதான் ‘ஸ்டீம்பாய்’.

கதையைக் கேட்டால் ஆசையாகத்தான் இருக்கும். 1866, இங்கிலாந்து. மான்செஸ்டர் சிறுவன் ரே வீட்டுக்குத் தாத்தாவிடமிருந்து ஒரு பார்சல் வருகிறது. உள்ளே, பிரமாண்டமான நீராவிச் சக்தியை அடக்கிவைத்த ஓர் உலோக உருண்டை. அறிவியல் மனிதர்களுக்கு உதவ வேண்டும் என்கிறார் தாத்தா. அறிவியல் என்பதே அதிகாரம் என்கிறார் அப்பா. அப்பாவுக்குப் பின்னால் நிற்பதோ, லண்டன் கண்காட்சியில் ஆயுதம் விற்க வந்திருக்கும் நிறுவனம். தாத்தா, அப்பா, பேரன் என மூன்று தலைமுறைச் சண்டை! நம் வீடுகளில் இல்லாததா?

முதல் அரை மணி நேரம் நிஜமாகவே அருமை. ஒற்றைச் சக்கர வண்டியில் ரே தப்பி ஓட, ராட்சத நீராவி வண்டி துரத்த, ரயில் குறுக்கே வர... சீட்டு நுனிதான்.

அதற்குப் பிறகு தாத்தாவும் அப்பாவும் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ரே? உருண்டை கைமாறுவதுபோல அவனும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறான். அப்பாவா, தாத்தாவா என்று அந்தப் பையனுக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன். கேமரா அவன் முகத்தை விட்டுவிட்டுக் குழாய்களையும் பல்சக்கரங்களையும் தேடிப் போகிறது. கடைசியில் ஒரு கோட்டையே லண்டனுக்கு மேல் எழும்புகிறது. யாருக்காகப் பயப்படுவது என்றே தெரியவில்லை.

‘அகிரா’விலும் ஊர் அழிகிறதுதான். ஆனால் அது கனேடா, டெட்சுவோ என்ற இரண்டு அநாதைப் பையன்களின் கதை. சின்ன வயதிலிருந்தே டெட்சுவோவை அடியிலிருந்து காப்பாற்றுகிறவன் கனேடா. எப்போதும் காப்பாற்றப்படுகிறவனாகவே இருப்பதுதான் டெட்சுவோவின் எரிச்சல். கனேடாவின் சிவப்பு பைக் மீது அவனுக்கு இருக்கும் ஆசையில் அந்தப் பொறாமை மொத்தமும் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவனுக்கு அசுர சக்தி கிடைத்தால்? கிளைமாக்ஸில் உடம்பு கட்டுக்கடங்காமல் வீங்கிக்கொண்டே போகும்போது, அவன் உதவி கேட்டுக் கூப்பிடுவது அதே கனேடாவைத்தான். கதையின் பாதி முடிச்சு எனக்குப் புரியவே இல்லை. ஆனால் அந்தக் கூப்பாடு புரிந்தது.

பெற்றோர் கவனத்துக்கு ஒன்று. ‘அகிரா’வில் ரத்தமும் வன்முறையும் அதிகம், குழந்தைகளோடு உட்கார வேண்டாம். ஏமாற்றிய ‘ஸ்டீம்பாய்’தான் வீட்டில் சேர்ந்து பார்க்கத் தோதானது, இயந்திரப் பிரியர்களான வாண்டுகளுக்குப் பிடிக்கவும் செய்யும். பார்த்தால், பெயர்கள் ஓடும்போது டி.வி-யை அணைத்துவிடாதீர்கள். ரேயின் பிற்கால வாழ்க்கை அங்கேதான் ஓவியங்களாக வருகிறது. நான் பார்க்க நினைத்த படம் அதுதான்.