சத்திரங்கள் இருந்த சாலையில் கேரவன்

கேரவன் என்றதும் தமிழ் வாசகர் பலருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஆர்.வி. என்ற சுருக்கப் பெயரால் அழைக்கப்படும் அதே வகை ஊர்தி, அங்கே சாதாரணக் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போய் இரண்டு மூன்று இரவுகள் தங்கிவரும் நகரும் வீடாக விளங்குகிறது. உட்கார இருக்கையும் மேசையும், படுக்க இடமும், சமைக்க அடுப்பும், பொருள்களை வைக்க அறைகளும் உள்ள ஊர்தியே மோட்டார் கேரவன் என்பது இந்திய வாகனத் தரவிதிகள் தரும் இலக்கணம். இத்தகைய வண்டிகள் நிற்பதற்கென அமைக்கப்படும் முகாமில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தனி மனையும், அதில் ஒரு மின்இணைப்பும், ஒரு குடிநீர்க் குழாயும், வண்டியின் கழிவுத் தொட்டியைத் திறந்துவிட ஒரு சாக்கடை வாயும் இருக்கும். வண்டி இல்லாத குடும்பங்களுக்காகக் கட்டிலும் விளக்கும் மட்டுமே கொண்ட சிறு மரக்குடில்களும் அருகிலேயே கட்டப்பட்டிருக்கும்.

இந்த வாழ்க்கை முறையின் தொழிற்கூடம் இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரம். அமெரிக்காவின் ஆர்.வி. வண்டிகளில் மிகப் பெரும்பங்கு அங்கேயும் அதன் சுற்றுப்புறத்திலுமே உருவாகிறது. அதன் அண்டை மாவட்டமான லாக்ரேஞ்சும் ஷிப்ஷிவானா என்ற சிற்றூரும் ஆமிஷ் மக்களின் நாடு. 1693இல் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையில் சுவிட்சர்லாந்து, அல்சேஸ் பகுதிகளில் தனிப்பிரிவாகப் பிரிந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கிய இந்தக் கிறித்தவச் சமூகத்தார், சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை. பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுப்பதில்லை. குதிரை வண்டியில் போய் வருகிறார்கள். ஆயினும் நிலம் சுருங்கி, குடும்பங்கள் பெருகியதால், வயலை மட்டும் நம்பியிருக்க முடியாத ஆமிஷ் ஆண்கள் பலர் கேரவன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். விடியுமுன் சைக்கிளிலோ வாடகை வேனிலோ ஆலைக்குப் போய், பிற்பகலில் வீடு திரும்பிக் கால்நடையையும் தோட்டத்தையும் கவனிக்கும் அவர்கள், தாங்கள் ஒருபோதும் வாங்கப்போகாத வண்டிக்கு அலமாரி பொருத்துகிறார்கள். அந்த வண்டியில் வரும் நகரத்துக் குடும்பங்களோ, வடக்கு இண்டியானாவின் ஏரிக்கரைகளில் தங்கி, ஷிப்ஷிவானா சந்தையில் ஆமிஷ் வீட்டு ரொட்டியையும் மரச்சாமானையும் வாங்கிக்கொண்டு திரும்புகின்றன. ஆலை, வயல், ஏரி, விருந்தினர் என நான்கும் ஒரே வட்டாரத்துக்குள் ஒன்றையொன்று வாழவைக்கின்றன.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தைப் பார்க்கும் எவருக்கும் இந்தப் படத்தின் முதல் மூன்று பகுதிகள் பழக்கமானவையே. ஹூண்டாய் ஆலை 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கியது; ரெனோ-நிசான் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலை 2012இலும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோது அங்கே முதலில் காட்சிக்கு வைக்கப்பட்ட வண்டி, பாரத்பென்ஸ் சேஸிஸின் மீது, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின் மீது, கட்டப்பட்டதாகும். 2022இல் வாகமண் மலையில் அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்காவும் திறக்கப்பட்டது. வண்டிக்கு அடித்தளம் தரும் ஊரில் அந்த வண்டி ஓர் இரவு நிற்பதற்கு முறையான இடம் அமையவில்லை என்பது வருந்தத்தக்கது.

இத்தனைக்கும் வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது இந்த வட்டாரத்தின் வழியே செல்லும் சாலையின் பழைய தருமம். சென்னையிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்ற ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்று. சத்திரம் என்பது வழிநடப்போர் கட்டணமின்றித் தங்குவதற்காக அறக்கொடையாகக் கட்டப்பட்ட விடுதி. படுக்கத் திண்ணையும், இறைக்கக் கிணறும், வண்டி அவிழ்த்துப்போட மரநிழலும், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் அங்கே கிடைத்தன. கூண்டு வண்டியில் பாத்திரம் பண்டத்தோடு புறப்பட்ட குடும்பம் அங்கேயே மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தது. அந்தப் பழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போகும் குடும்பம் அண்டாவையும் கேஸ் அடுப்பையும் ஜமுக்காளத்தையும் ஏற்றிக்கொண்டு, குளக்கரை மரத்தடியில் பொங்கி உண்டு, இரவை அங்கேயே கழித்துத் திரும்புகிறது. அமெரிக்கர் காசு கொடுத்துப் பெறும் அனுபவத்தின் சாரம் இதுவே. கழிப்பறையும் விளக்கும் காவலும் மட்டுமே இங்கே குறைகின்றன. அந்தக் குறையின் பாரம் பெரும்பாலும் பெண்களின் மீதே விழுகிறது.

அப்படியானால் அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலேயே முகாம் அமைத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு; ஆனால் அது கூடாது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் 24 அடி முழு ஆழமும் கொண்ட இந்த ஏரி சென்னையின் குடிநீர்த் தொட்டி. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் இதன் நீரை நம்பி இயங்குகிறது. ஏரி நிரம்பினால் உபரிநீர் அடையாற்றில் திறக்கப்படுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி வெளியேறிய வேளையில் அந்த ஆற்றின் கரையோரம் பட்ட பாட்டைச் சென்னை மறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் உபரிநீரும் இங்கேதான் வந்து சேர்வதால், அவற்றின் கரையில் கொட்டப்படும் ஒரு கேரவனின் கழிவும் கடைசியில் குடிநீரையே தேடி வரும். ஏரிப் பகுதிகளில் ஆக்கிரமிப்பைத் தடுக்க 2007இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டமும் இருக்கிறது. ஆகவே கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் என எதன் மீதும் குடிலோ கான்கிரீட் தளமோ எழுவதை இந்த வட்டாரம் ஏற்கக்கூடாது.

இடம் வேறு வகையில் உண்டு. ஒரகடத்தைத் தாண்டி வாலாஜாபாத் பக்கம் பாசன ஏரியாக விளங்கும் தென்னேரி போன்றவற்றுக்கு அப்பால், மழைநீர் ஓட்டத்துக்குக் குறுக்கே வராத பட்டா நிலங்கள் இருக்கின்றன. நிலத்தை விற்காமல் வைத்திருக்கும் உழவர் ஒருவர் தம் தோப்பில் ஐந்தாறு வண்டிகளுக்கும் நாலைந்து குடில்களுக்கும் இடம் விட்டால், விளைச்சலோடு இன்னொரு வருமானமும் அவருக்குக் கிடைக்கும். அங்கே முதலில் கட்டப்பட வேண்டியது அலங்கார வளைவு அன்று. கழிவை ஒரு சொட்டும் மண்ணில் விடாமல் சேர்த்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரியில் அனுப்பும் மூடிய தொட்டியே. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை முகாமை மூடிவைப்பதும் நல்லது.

இதனால் பயன் பெறுவோர் கேரவனை வாடகைக்கு எடுக்க வசதியுள்ளவர்கள் மட்டும் ஆகிவிடக் கூடாது. 2024 ஆகஸ்டில் இதே வட்டாரத்தின் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி வளாகம் திறக்கப்பட்டது. தொலைதூர மாவட்டங்களிலிருந்து மகளைப் பார்க்க வரும் பெற்றோர், அவளுடைய விடுப்பு நாளில் அவளோடு சேர்ந்து சமைத்து உண்டு, ஓர் இரவு நிம்மதியாக உறங்கத்தக்க, கையைக் கடிக்காத வாடகையில் ஒரு குடில் இந்த வட்டாரத்தின் உடனடித் தேவை. 2023ஆம் ஆண்டின் தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை கேரவன் சுற்றுலாவையும் ஊரகச் சுற்றுலாவையும் முன்னுரிமைத் துறைகளில் சேர்த்திருக்கிறது. அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து, முதல் முகாமை இந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்காக இந்த நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே தொடங்க அரசும் ஊராட்சிகளும் முன்வர வேண்டும்.