பச்சை வீட்டுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும்

யாழ்ப்பாணத் தீவகத்து மண்கும்பானில் பழைய வளவொன்றில் சின்ன விடுதி கட்டி, அதற்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழும் எடுக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூரையில் சோலார், முற்றத்தில் மழைநீர்த் தொட்டி, காற்றோடும் சன்னல்கள். இவ்வளவும் இருந்தாலும் சான்றிதழ் தானாக வந்துவிடாது. மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது கடதாசியைத்தான்.

அமெரிக்காவின் லீட் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்றிதழ், 80 எடுத்தால் பிளாட்டினம். தம்புள்ளைக்குப் பக்கத்திலுள்ள கண்டலம ஹோட்டலுக்கு 2000ஆம் ஆண்டிலேயே லீட் கிடைத்தது. இலங்கைப் பசுமைக் கட்டடச் சபையும் 'கிறீன் எஸ்எல்' என்ற பெயரில் தன் முறையொன்றை வைத்திருக்கிறது. எதில் போனாலும், கேட்கும் புள்ளிக்கு ஆதாரம் காட்டவேண்டும்.

மணலை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இன் லீட் விதிப்படி, 800 கிலோமீற்றருக்குள் எடுத்துச் செய்த பொருள் உள்ளூர்ப் பொருளாகக் கொள்ளப்பட்டது. இலங்கையின் முழு நீளமே 435 கிலோமீற்றர்தான்! அப்படியானால் பக்கத்து மணல் திட்டியை வெட்டி எடுத்தாலும் கணக்கு சரிவந்திருக்கும். ஆனால், மழைநீரை உறிஞ்சி வைத்து, கீழே கிடக்கும் உப்புநீருக்கு மேல் நன்னீரை மிதக்க விடுவது அந்த மணல்தான். திட்டி போனால் கிணறும் உவர்க்கும். ஆகவே தூரத்தை மட்டும் எழுதினால் போதாது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டப்படி மணல் அகழவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒவ்வொரு லொறிக்கும் அதன் பிரதியை வாங்கி, திகதி போட்டுக் கோப்பில் வையுங்கள். சான்றிதழ் கேட்காவிட்டாலும் ஊர் கேட்கும்.

அடுத்தது இடிபாடு. பழைய வீட்டின் சுண்ணாம்புக் கல், பனை வளை, கதவு நிலை எல்லாம் திரும்பப் பயன்படக்கூடியவை. லீட்டில், கட்டுமானக் கழிவில் 50 அல்லது 75 வீதம் குப்பைமேட்டுக்குப் போகாமல் தடுத்தால் புள்ளி உண்டு. வீதம் என்று வந்துவிட்டால் நிறையோ கனவளவோ தெரியவேண்டும். இடித்துக் குவித்தபின் யார் அளப்பது? கழற்றும்போதே அளந்து, படமெடுத்து எழுதிவிடவேண்டும்.

படமெடுப்பது வேடிக்கையல்ல. கட்டும் காலத்தில் உள்ளகக் காற்றைக் காத்ததற்கு, லீட்டின் முந்தைய பதிப்பொன்று மூன்று வேளைகளில் ஆறாறாக 18 படங்கள் கேட்டது. தூசு படாமல் மூடிவைத்த காற்றுக் குழாயை, வேலை முடிந்தபின் எப்படிப் படமெடுப்பது? பெயின்ற் வாளியும் இப்படித்தான். ஆவியாகும் இரசாயனம் எவ்வளவு என்று சொல்லும் தரவுத்தாளை வாங்கும்போதே கடையில் கேளுங்கள். வெறும் வாளியை மேசன் தண்ணீர் அள்ள எடுத்துவிடுவார்.

கனடாவிலோ பாரிசிலோ இருந்துகொண்டு கட்டுவிப்பவர்களுக்கு ஒரு சொல்: இந்தப் பதிவுகளை யார் வைப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கோப்பு கைக்கு வராமல் கடைசிக் கொடுப்பனவைக் கொடுக்காதீர்கள்.